குதிரை வாங்கும் முன்

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தையில் வாங்க வருகிறவர்கள் நிறம் பார்ப்பார்கள், உயரம் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள். மேளத்துக்கு ஆடும் குதிரை என்றால் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். அதை வாங்கிப் போகும் இளைஞருக்குத் தலைக்கயிறு பிடிக்கத் தெரியுமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. என் கவலை அங்கேதான்.

கயிற்றை மெல்ல இழுக்கிறோம். குதிரை ஓர் அடி எடுத்து வைக்கிறது. அந்த நொடியே கயிறு தளர வேண்டும். இழுப்பதிலிருந்து அல்ல, தளர்வதிலிருந்துதான் தான் செய்தது சரி என்று குதிரை புரிந்துகொள்கிறது. அடி எடுத்து வைத்த பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால், என்ன செய்தாலும் விடமாட்டார்கள் என்று தலையை உயர்த்தி முரண்டும். கடிவாளத்தை இப்படி இழுத்தால் நாளடைவில் வாய் மரத்துப்போகும். முன்னங்காலைத் தூக்கியதும் பயந்து கயிற்றை விட்டாலோ, காலைத் தூக்கினால் தப்பிக்கலாம் என்ற பாடம் ஏறிவிடும். நன்கு பழகிய குதிரையையும் பழகாத கை சீக்கிரமே கெடுத்துவிடும். அதன்பின் முரட்டுக் குதிரை என்று பெயர் வைத்து, 1965-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்பு விதிகளே தடை செய்த முள் கடிவாளத்தை மாட்டுவார்கள். தண்டனை மிருகத்துக்கு!

வியன்னாவின் ஸ்பானிஷ் சவாரிப் பள்ளியில் இதை நன்றாக உணர்ந்திருக்கிறார்கள். அங்கே லிப்பிசானர் குதிரைகள் சுமார் நான்கு வயதில் பயிற்சிக்கு வருகின்றன. முதலில் நேராக, சீராக நடப்பதும் ஓடுவதும்தான் பாடம். முழுப் பயிற்சிக்கு ஆறு ஆண்டுகள் போல ஆகும். என்னை அதைவிடக் கவர்வது ஆளுக்குத் தரும் பயிற்சி. புதிதாகச் சேர்ந்தவரை, கற்றுத் தேர்ந்த மூத்த குதிரையின் மேல் அங்கவடியும் கடிவாள வாரும் இல்லாமல் உட்கார வைத்து, நீண்ட கயிற்றில் வட்டமாக ஓடவிடுகிறார்கள். மாதக்கணக்கில் இதுதான். உடம்பு நிலைகொள்ளாமல் கை நிலைகொள்ளாது. நிலைகொள்ளாத கையில் வாரைக் கொடுத்தால் அடிபடுவது குதிரையின் வாய். மூத்த குதிரை இளம் வீரருக்குக் கற்றுத்தரும், தேர்ந்த வீரர் இளம் குதிரைக்குக் கற்றுத்தருவார்.

நம் பக்கத்துக் கதை வேறு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுக்கு இரண்டாயிரம் குதிரைகளுக்கு மேல் வாங்கியதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாததாகவும் சொல்கிறார். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை, தெரிந்தவர்களைக் குதிரை வணிகர்கள் வரவும் விடவில்லை என்பது அவர் கூறும் காரணம். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். கடல் தாண்டி வந்த உயிர்கள் கவனிக்கத் தெரிந்த ஆளில்லாமல் மாண்டன என்பதை மட்டும் என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

வாங்க நினைப்பவர்கள், பணம் கொடுக்கும் முன் அனுபவமுள்ள ஒரு குதிரைக்காரரோடு சில மாதங்கள் இருங்கள். லாயம் கூட்டுங்கள், உடம்பு தேய்த்துவிடுங்கள், கயிறு பிடித்து நடத்தவும் நிறுத்தவும் பின்னால் நகர்த்தவும் பழகுங்கள். சந்தையில் விற்பவரை நான்கு குளம்பையும் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு நீங்களே தூக்கிப் பாருங்கள். குட்டியை வாங்கினால் உடனே சேணம் பூட்டி ஏறிவிடாதீர்கள். பார்வைக்கு வளர்ந்துவிட்டது போலத் தோன்றினாலும், அதன் முதுகெலும்பு முழுதாக முதிர ஐந்தாறு வயது ஆகும்.