கடலைக் கண்டதும் ஓடலாமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. சென்னையில் இருந்து வந்த பஸ் மாமல்லபுரத்தில் நிற்கிறது.

அப்பா இறங்குகிறார். அம்மா புளிச்சாதத் தூக்குடன் இறங்குகிறாள். பிள்ளைகள்? அவர்கள் அதற்குள் கடலை நோக்கி ஓட்டம் பிடித்து விட்டார்கள்!

"போகட்டும், விளையாடத்தானே வந்தோம்" என்கிறார் அப்பா.

அங்கேதான் தவறு தொடங்குகிறது.

அமைதியான இடமே ஆபத்து

அலை கரைக்கு வருகிறது. வந்த தண்ணீர் திரும்பிப் போக வேண்டும் அல்லவா? அது ஒரு குறுகிய வழியில் சேர்ந்து, ஆறு போலக் கடலுக்குள் ஓடுகிறது. அந்த இடத்தில் அலை குறைவாகத் தெரியும்.

"இங்கே அலை இல்லை, குளிக்கலாம்" என்று இறங்குகிறவரை அது உள்ளே இழுத்துப் போய்விடும். அதை எதிர்த்துக் கரைக்கு நீந்தினால் நீச்சல் தெரிந்தவரும் களைத்துப் போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அந்த ஓட்டத்தை விட்டு விலக வேண்டும். கிணற்றில் நீந்திப் பழகியவருக்கு இது எப்படித் தெரியும்?

ஒருவர் தத்தளித்தால் மற்றவர் குதிப்பதும் ஆபத்து. ஒரு உயிர் போகும் இடத்தில் இரண்டு போகும். கயிறோ, மிதக்கும் பொருளோ வீச வேண்டும். மீனவர்களைக் கூவி அழைக்க வேண்டும்.

கோவிலுக்கும் காவல்

இங்குள்ள கடற்கரைக் கோவில் ராஜசிம்ம பல்லவன் காலத்தது. வயது சுமார் 1,300 ஆண்டு. அந்தக் கற்கோவிலையே கடல் அரிக்காமல் இருக்க, கரையில் பாறாங்கற்களைப் போட்டுக் காக்க வேண்டி இருந்தது. கல்லுக்கே அந்தக் கதி என்றால், பத்து வயதுப் பிள்ளை எம்மாத்திரம்?

"கடலுக்குப் போய்க் குளிக்காமல் வருவதா?" என்று கேட்பார்கள். காலை நனைக்கலாம், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நனைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

பார்க்க வேறு எவ்வளவோ இருக்கிறது. ஐந்து ரதங்கள் இருக்கின்றன. அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒரு பூனை தவம் செய்கிறது. அதன் காலடியில் எலிகள்! பிள்ளைகள் அதைக் கண்டால் சிரிக்காமல் இருப்பார்களா? 1984-ம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட ஊர் இது. அதைப் பார்க்காமல் திரும்பலாமா?

பலகை மட்டும் போதுமா?

எச்சரிக்கைப் பலகை தேவைதான். எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும்படி அதில் படம் வேண்டும். விடுமுறை நாட்களில் உயிர்காக்கும் வீரர்கள் கரையில் நிற்க வேண்டும். அது அரசின் கடமை.

ஆனால், முதல் காவல்காரர் பெற்றோரே.

மாலையில் பஸ் ஏறும்போது தலைகளை எண்ணுங்கள். காலையில் வந்த தலைகள் அத்தனையும் இருக்க வேண்டும்.

அதுதான் நல்ல பயணம்!