ஐ.எஸ்.ஓ சான்று: யார் கொடுத்தால் செல்லும்?

கேள்வி: "எங்கள் ஊரில் 14 பெண்கள் சேர்ந்து மஞ்சள்தூள் அரைத்து விற்கிறோம். கொச்சியில் உள்ள மொத்த வியாபாரி ஒருவர், 'ஐ.எஸ்.ஓ 22000 சான்று இருந்தால் மாதாமாதம் சரக்கு எடுத்துக்கொள்கிறேன்' என்கிறார். டவுனில் ஒருவர் 15,000 ரூபாய் கொடுத்தால் ஒரே வாரத்தில் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். இன்னொரு நிறுவனமோ அதைப்போல் பல மடங்கு கேட்கிறது. ஆள் வந்து பார்த்த பிறகுதான் தருவோம் என்கிறது. குழுச் சேமிப்பில் இருந்துதான் கட்டப்போகிறோம். யாரை நம்புவது?"
- மகளிர் குழு வாசகி, ஈரோடு மாவட்டம்.

பதில்: ஆள் வந்து பார்க்காமல் ஒரு வாரத்தில் கையில் கிடைக்கும் ஐ.எஸ்.ஓ 22000 சான்று, சான்றே அல்ல. 15,000 ரூபாய்க்குக் கிடைப்பது ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டத்தான் உதவும். கொச்சி வியாபாரி விவரம் தெரிந்தவராக இருந்தால் முதல் பார்வையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். பணமும் போய், ஆர்டரும் போகும்.

ஐ.எஸ்.ஓ என்பது 1947-ல் தொடங்கிய பன்னாட்டு அமைப்பு. தலைமையகம் ஜெனீவாவில் இருக்கிறது. தர விதிகளை எழுதி வெளியிடுவதுதான் அதன் வேலை. அது யாருக்கும் சான்று கொடுப்பதில்லை. நிர்வாகத் தரத்துக்கு 9001, உணவுப் பாதுகாப்புக்கு 22000 என்று விதிகளுக்கு எண் உண்டு. அந்த விதிப்படி ஒரு தொழில் நடக்கிறதா என்று நேரில் பார்த்துச் சான்று கொடுப்பவை தனியார் சான்று நிறுவனங்கள். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. சான்று நிறுவனம் என்று பெயர்ப்பலகை வைக்க யாராலும் முடியும். அதனால் அந்த நிறுவனத்தைச் சோதித்து அங்கீகாரம் கொடுத்தது யார் என்று பார்க்க வேண்டும். விதை வாங்கும்போது கடைக்காரர் பேச்சை விட்டுவிட்டு, பையில் நீல நிறச் சான்று அட்டை தைத்திருக்கிறதா என்று பார்க்கிறோமே, அதுபோலத்தான்.

இந்தியாவில் அந்த அங்கீகாரத்தைக் கொடுப்பது கியூ.சி.ஐ எனப்படும் இந்தியத் தர கவுன்சிலின் கீழ் இயங்கும் என்.ஏ.பி.சி.பி. வெளிநாடுகளிலும் இதுபோன்ற அமைப்புகள் உண்டு, இங்கிலாந்தின் யு.கே.ஏ.எஸ் ஓர் உதாரணம். இவை ஒன்று கொடுத்த அங்கீகாரத்தை மற்றொன்று ஏற்றுக்கொள்ளும் பன்னாட்டு ஒப்பந்தத்தில் என்.ஏ.பி.சி.பி-யும் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற சான்று நிறுவனங்களின் பட்டியல் அதன் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் பத்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் போதாது. ஒரு நிறுவனத்துக்கு 9001-க்கு மட்டும் அங்கீகாரம் இருக்கும், 22000-க்கு இருக்காது. அப்படிப்பட்ட நிறுவனம் மஞ்சள்தூள் ஆலைக்குக் கொடுக்கும் 22000 சான்றுக்கு அங்கீகாரத்தின் பலம் கிடையாது. அங்கீகாரம் இன்றைய தேதியில் நடப்பில் இருக்கிறதா, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இன்னொரு தந்திரமும் உண்டு. பெரிய பெயரில் தாங்களே ஓர் 'அங்கீகார போர்டு' தொடங்கி, அதன் முத்திரையைச் சான்றில் பளபளவென்று அச்சடித்துத் தருவார்கள். தன் வீட்டு ஆளையே சாட்சிக்கு நிறுத்துகிற கதைதான். சான்றில் ஐ.எஸ்.ஓ-வின் சொந்த லோகோ இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். அந்த லோகோவைப் பயன்படுத்த சான்று நிறுவனங்களுக்கு அனுமதி இல்லை.

முறையான நிறுவனம் ஏன் ஆள் அனுப்புகிறது? தணிக்கை இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் பதிவேடுகளையும், ஆலை தயாராக இருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். அடுத்து, எழுதி வைத்தபடிதான் வேலை நடக்கிறதா என்று பார்ப்பார்கள். மஞ்சள்தூள் என்றால் கேள்விகள் கடுமையாகவே இருக்கும். கிழங்கு எந்த விவசாயியிடம் வாங்கியது? வேகவைத்தது, காயவைத்தது, பாலிஷ் போட்டது எங்கே? நிறத்துக்காக லெட் குரோமேட் கலக்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்? அரைக்கும்போது இரும்புத் துகள் விழுந்தால் பிடிக்கக் காந்தம் இருக்கிறதா? ஈரப்பதம் பார்த்துத்தான் பாக்கெட் போடுகிறீர்களா? ஒரு பாக்கெட்டில் புகார் வந்தால், அது எந்த நாள் அரைத்தது, யார் தோட்டத்து மஞ்சள், அந்தச் சரக்கு வேறு எந்தக் கடைகளுக்குப் போனது என்று சொல்ல முடியுமா? பெரிய குறைகள் இருந்தால் சரிசெய்த பிறகுதான் சான்று. இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் பழகுவதுதான் குழுவுக்கு உண்மையான லாபம். அது காகிதத்தில் இல்லை.

சான்று 3 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை உண்டு. அதற்குப் பணம் கட்டாமல் விட்டால் சான்று ரத்தாகிவிடும். ஆகவே முதல் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் கேட்டு முடிவெடுப்பது தவறு. விண்ணப்பம், தணிக்கை நாட்கள், வந்து போகும் செலவு, தங்கும் செலவு, ஆண்டுக் கண்காணிப்பு, ஜி.எஸ்.டி எல்லாம் சேர்த்து 3 ஆண்டுக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்க வேண்டும். குறைந்தது 2, 3 நிறுவனங்களிடம் இப்படி வாங்கி ஒப்பிட்டால் நியாயமான விலை தானாகத் தெரியும். தமிழ் தெரிந்த தணிக்கையாளர் வருவாரா என்பதும் முக்கியம். அரைக்கிற பெண்களிடம் நேரடியாகப் பேசாத தணிக்கையில் பாதி விஷயம் விட்டுப்போகும்.

"ஃபைலும் நாங்களே எழுதித் தருகிறோம், சான்றும் நாங்களே தருகிறோம்" என்று ஒரே ஆள் சொன்னால் விலகிவிடுவது நல்லது. சான்று கொடுக்கும் நிறுவனம் அதே ஆலைக்கு ஆலோசனை வேலை செய்யக் கூடாது என்பது விதி. தேவைப்பட்டால் தனியாக ஒரு கன்சல்டன்ட் வைத்துக்கொள்ளலாம். அவரும் "சான்று நிச்சயம்" என்று உறுதி கொடுக்க முடியாது.

இவ்வளவுக்கும் முன்னால் குழு செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கொச்சி வியாபாரிக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று எழுத்தில் கேட்க வேண்டும். எந்த விதி, எந்த அங்கீகாரம், குறிப்பிட்ட சான்று நிறுவனம் எதையாவது எதிர்பார்க்கிறாரா, சான்று வந்தால் மாதம் எத்தனை கிலோ எடுப்பார் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். ஐ.எஸ்.ஓ 22000 சட்டப்படி கட்டாயம் இல்லை. கட்டாயம் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ பதிவு அல்லது உரிமம்தான். அந்த எண் பாக்கெட்டில் இருந்தாக வேண்டும். பல வியாபாரிகள் பேச்சுவாக்கில் 'ஐ.எஸ்.ஓ' என்பார்கள், அவர்களுக்குத் தேவையாக இருப்பது நம்பகமான பரிசோதனை அறிக்கை. என்.ஏ.பி.எல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஈயம், குர்குமின், ஈரப்பதம் பார்த்து அறிக்கை வைத்து, சிறிய அளவில் முதல் சரக்கை அனுப்பிப் பார்க்கலாம் என்று பேசிப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை. 14 பேர் குழுவுக்கு இந்த வரிசைதான் பொருத்தம். ஆர்டர் உறுதியானால் 22000-க்குப் போகலாம். வியாபாரி கேட்பது 'ஆர்கானிக்' என்றால் ஐ.எஸ்.ஓ அதற்கு உதவாது. அது வேறு சான்று. கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு அரசின் விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையை அணுக வேண்டும்.

22000 சான்று வந்த பிறகும், 'ஐ.எஸ்.ஓ தரம் பெற்ற மஞ்சள்தூள்' என்று பாக்கெட்டில் அச்சடிக்கக் கூடாது. சான்று, ஆலை நடக்கும் முறைக்குத்தான், தூளுக்கு அல்ல.

டவுன்காரரிடம் ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், சான்று நிறுவனத்தின் பெயர், அங்கீகாரம் கொடுத்த அமைப்பு, அங்கீகார எண் மூன்றையும் எழுத்தில் கேட்டு, பதில் வரும்வரை பாக்கியை நிறுத்தி வைக்கலாம். தரச்சான்றுச் செலவில் ஒரு பகுதியைத் திரும்பத் தரும் திட்டம் இப்போது நடப்பில் இருக்கிறதா என்று மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன்பே, சான்று நிறுவனம் கொடுத்த கொட்டேஷனுடன் போவது நல்லது.