கூலிக்கு ரேகை நிபந்தனை ஆகக் கூடாது

விரல் ரேகை வைத்தால்தான் வருகை, வருகை இருந்தால்தான் சம்பளம் என்ற ஏற்பாடு மென்பொருள் அலுவலகங்களைத் தாண்டி ஆலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் தூய்மைப் பணிக்கும் வந்துவிட்டது. வங்கியின் பெட்டக அறைக்கோ அபாயகரமான ஆய்வுக்கூடத்துக்கோ அப்படியொரு பூட்டு தேவைப்படலாம். அன்றாட வருகையைக் குறிக்க மனிதரின் உடல் அடையாளத்தைக் கட்டாயப்படுத்திப் பெறுவதை ஏற்க முடியாது.

யாருடைய ரேகை முதலில் விழாமல் போகிறது? சிமென்ட் கலவையில் புழங்கும் சித்தாள், ஓட்டலில் பாத்திரம் துலக்குபவர், செங்கல் சுமப்பவர், வயதான தூய்மைப் பணியாளர். உழைப்பில் தேய்ந்த விரலை இயந்திரத்தால் படிக்க முடிவதில்லை. ரேஷன் கடையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தும் 'ரேகை விழலை' என்று திரும்பிய முதியவர்களைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. வேலையிடத்தில் அதே கோளாறு ஒரு நாள் கூலியைப் பறித்துவிடும்.

போலி வருகையைத் தடுக்கத்தானே இந்த இயந்திரம் என்பார்கள். மஸ்டர் ரோலில் இல்லாத ஆட்களின் பெயரை எழுதிப் பணம் எடுத்த முறைகேடு உண்மைதான். ஆனால் அதைச் செய்வது பதிவேட்டைக் கையில் வைத்திருப்பவர். வெயிலில் நின்று வேலை செய்பவர் அல்ல. ஒப்பந்ததாரரின் கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டிய இடத்தில் தொழிலாளியின் விரலைச் சோதிக்கிறோம்.

பதிவான ரேகை பத்திரமாக இருக்கும் என்ற வாக்குறுதியும் நம்பத்தக்கதல்ல. தென்கொரிய நிறுவனமான சுப்ரீமாவின் 'பயோஸ்டார் 2' தரவுத்தளம் பாதுகாப்பின்றித் திறந்து கிடந்ததையும், அதில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் ரேகைகள் இருந்ததையும் 2019 ஆகஸ்டில் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை என்ன செய்வது?

பிரிட்டனில் செர்கோ லெஷர் நிறுவனம் 38 உடற்பயிற்சி, பொழுதுபோக்கு மையங்களில் 2,000-க்கும் அதிகமான ஊழியர்களின் முகத்தையும் ரேகையையும் வருகைப் பதிவுக்குப் பயன்படுத்தியது. 2024 பிப்ரவரியில் அந்நாட்டின் தகவல் ஆணையர் அலுவலகம் அதை நிறுத்த உத்தரவிட்டது. அடையாள அட்டை போன்ற எளிய வழிகள் இருக்க இது ஏன் அவசியம் என்பதை நிறுவனம் நிரூபிக்கவில்லை. முதலாளி கேட்கும்போது ஊழியர் 'முடியாது' என்று சொல்லும் நிலையில் இல்லை என்பதையும் ஆணையர் கணக்கில் எடுத்தார். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலமோ 2008-லேயே, எழுத்துபூர்வ ஒப்புதலின்றி ரேகை எடுத்தால் பாதிக்கப்பட்டவரே நீதிமன்றம் சென்று இழப்பீடு பெறச் சட்டம் செய்தது.

இந்தியா எதிர்த்திசையில் போகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. ஆனால் அதன் பிறகு வந்த 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-வது பிரிவு, வேலை தொடர்பான நோக்கங்களுக்காக ஒப்புதல் இல்லாமலே ஊழியரின் தரவைப் பயன்படுத்த இடம் தருகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழான 2011 விதிகளில் கூருணர்வுத் தரவு என்று தனித்துக் குறிக்கப்பட்ட ரேகைக்குப் புதிய சட்டத்தில் தனிக் காப்பு இல்லை. மீறுவோருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்தப் பணம் அரசுக்குப் போகும், ரேகையைப் பறிகொடுத்தவருக்குப் போகாது.

நாடாளுமன்றம் 7-வது பிரிவைத் திருத்தி, பணியிட பயோமெட்ரிக்குக்குத் தனி வரம்பு விதிக்க வேண்டும். அதுவரை தமிழக அரசு காத்திருக்கத் தேவையில்லை. உள்ளாட்சி ஒப்பந்தங்கள் அனைத்திலும் அட்டை அல்லது கையெழுத்து என்ற மாற்று வழியைக் கட்டாயமாக்கட்டும். ரேகை விழாததற்காக யாருடைய கூலியும் பிடிக்கப்படாது என்று ஓர் அரசாணையை உடனே வெளியிடட்டும்.