சாயப்பட்டறைக்கு ஒரு சட்டம், மாநகராட்சிக்கு ஒரு சட்டமா?

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணிக்கு எட்டு அணைக்கட்டுகள். எட்டாவது, கடைசி அணைக்கட்டு, ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. கடைசி என்றால் என்ன பொருள் என்பதைப் பந்தியில் கடைசியாக உட்காருபவனைக் கேட்டால் தெரியும். மற்றவர் உண்டு மிஞ்சியதுதான் அவன் இலைக்கு வரும். ஆற்றிலும் அதே கதைதான். தண்ணீர் மிஞ்சினால் தண்ணீர். சாக்கடை மிஞ்சினால் சாக்கடை!

ஸ்ரீவைகுண்டம் அணையில் அமலைச் செடி பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் படர்ந்து நிற்பதைக் கண்டோர் பலர். அது தானாகக் கொழுப்பதில்லை. மேலே உள்ள ஊர்கள் ஆற்றில் விடும் கழிவு சுமந்து வரும் சத்தைத் தின்றுதான் கொழுக்கிறது. அந்த அமலை, இயற்கை எழுதி அனுப்பிய புகார் மனு! படித்துப் பார்க்க வேண்டியவர்கள்தாம் படிக்கவில்லை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-ஆம் ஆண்டு வெளியிட்ட பட்டியலில், நாடெங்கும் மாசுபட்ட ஆற்றுப் பகுதிகள் 351 என்று கணக்குக் காட்டியது. பாப்பான்குளம் முதல் ஆறுமுகநேரி வரை தாமிரபரணியும் அதில் இடம்பெற்றது. ஸ்ரீவைகுண்டம் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாசின் கடுமையை ஐந்து படிகளாகப் பிரித்த அந்தப் பட்டியலில், தாமிரபரணி கடைசிப் படியில், கடுமை குறைந்த படியில் வைக்கப்பட்டிருந்தது. இதன் பொருள் என்ன? ஆறு சாகவில்லை, நோயுற்றிருக்கிறது, மருந்து கொடுத்தால் பிழைக்கும் என்பதே! பிழைக்கக்கூடிய நோயாளியைக் கைவிடுவதைக் காட்டிலும் பெரிய குற்றம் உண்டோ?

நோய் எங்கிருந்து வருகிறது? ஆலைகளின் பங்கை நாம் மறுக்கவில்லை. ஆனால் தாமிரபரணியைப் பற்றிய வழக்கில் முன்னே நின்றது ஊர்களின் சாக்கடை. 2024 நவம்பரில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நீதிபதிகள் தாமே நெல்லைக்கு வந்து, கழிவுநீர் ஆற்றில் கலக்கும் இடங்களை நேரில் பார்வையிட்டார்கள். நீதிபதிகள் ஆற்றங்கரைக்கு வந்து சாக்கடையைப் பார்க்க வேண்டிய நிலை ஏற்பட்டது என்றால், பார்க்க வேண்டிய அதிகாரிகள் அதுவரை எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறதா இல்லையா?

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் தரவேண்டும் என்பது பொறியாளர்களின் விதி. தந்த நீரில் நூற்றுக்கு எண்பது பங்கு கழிவுநீராகத் திரும்பி வரும் என்பதும் அவர்களே வகுத்த கணக்கு. 2011 கணக்கெடுப்பின்படி நெல்லை மாநகராட்சியில் ஏறத்தாழ 4.7 லட்சம் மக்கள். விதிப்படி அத்தனை பேருக்கும் நீர் தந்தால், நாள்தோறும் சுமார் 5 கோடி லிட்டர் கழிவுநீர் திரும்ப வரும். குழாய் போட்டுக் குடிநீர் கொடுத்த நாளிலேயே, திரும்பி வரும் இந்த வெள்ளத்துக்கும் வழி செய்திருக்க வேண்டாமோ?

இதைத்தான் 1971-இல் அமைந்த வாரியத்தின் பெயரே சொல்லுகிறது: தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். குடிநீர் ஒரு கை, வடிகால் மறு கை. ஆனால் நம் ஊர்களில் நடப்பது என்ன? குடிநீர்த் திட்டத் திறப்பு விழாவுக்குத் தோரணம் உண்டு, மேடை உண்டு, மாலை உண்டு, கல்வெட்டு உண்டு. வடிகாலுக்கு விழா எடுப்பார் யாருமில்லை. சாக்கடைக் குழாய் மண்ணுக்கடியில் கிடக்கிறது. மண்ணுக்கடியில் கிடப்பதற்கு வாக்கு விழாது என்று எண்ணுகிறார்கள் போலும்!

வீட்டிலிருந்து வெளியேறும் அந்த நீர் ஓடைக்குப் போகிறது. ஓடை ஆற்றுக்குப் போகிறது. ஆறு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நடந்து ஸ்ரீவைகுண்டத்துக்கு வருகிறது. அந்தக் கீழாற்றுப் பகுதியிலேதான் உறைகிணறு தோண்டி, தூத்துக்குடிச் சீமையின் நகரங்களுக்கும் சிற்றூர்களுக்கும் குடிநீர் இறைக்கிறார்கள். குடிக்கும் நீரில், 100 மில்லியில் ஒரு மலக் கிருமிகூட இருத்தல் ஆகாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். சாக்கடை கலந்த நீரை அந்தத் தரத்துக்குக் கொண்டுவரக் குளோரின் கூடுதலாகப் போடவேண்டும். கழிவிலுள்ள அம்மோனியா, போட்ட குளோரினை விழுங்கிவிடுவதால், மேலும் போடவேண்டும். வடிகால் போடாமல் மேலூர் மிச்சம் பிடித்த பணத்தை, மருந்துச் செலவாகக் கீழூர் கட்டுகிறது! இது என்ன நியாயம்?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1974-இல் நாடாளுமன்றம் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. 1982-இல் தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. வாரியத்தின் இசைவு பெறாமல் கழிவை நீர்நிலையில் விடலாகாது. வகுத்த அளவுக்கு மேல் அழுக்கு இருக்கலாகாது. அந்த அழுக்கை அளக்க ஒரு கோல் உண்டு. நீரிலுள்ள அழுக்கைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்று பார்ப்பார்கள். அழுக்கு கூடினால் தேவை கூடும், மீனுக்கு மூச்சு முட்டும். ஆற்றில் விடும் கழிவுநீரில் இந்தத் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது நெடுநாளையப் பொது விதி. நகரக் கழிவுநீர் நிலையங்களுக்கு அதை 10 ஆக இறுக்க வேண்டும் என்றது 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். குடிநீருக்காக எடுக்கும் ஆற்றிலோ 3-ஐத் தாண்டலாகாது.

இந்தச் சட்டம் கடித்த இடத்தையும் பார்த்திருக்கிறோம். நொய்யலைச் சாயநீர் பாழாக்கியது என்ற வழக்கில், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகளுக்குப் பூட்டு விழுந்தது. தொழிலாளி வேலையிழந்தான், முதலாளி கடனாளியானான். ஆயினும் ஆறு பெரிது என்றது நீதிமன்றம். சரி என்றோம். அப்படியானால் கேட்கிறோம்: தனியார் விட்டால் நஞ்சு, மாநகராட்சி விட்டால் தீர்த்தமா? கிருமிக்குத் தெரியுமா, தான் அரசாங்கச் சாக்கடையில் வந்தோம் என்று?

“ஆலையை மூடலாம், ஊரை மூட முடியுமா?” என்பர் அதிகாரிகள். முடியாதுதான். ஊரை மூட முடியாது என்பதனால்தான், ஊரை ஆள்வோர் பொறுப்பு ஆலை முதலாளியின் பொறுப்பைவிடக் கூடுதலாகிறது. “அபராதம் போடலாமே” என்பர் சிலர். போடலாம். ஆனால் மாநகராட்சிக்குப் போடும் அபராதம் யார் பணம்? வரி கட்டிய ஏழையின் பணம்! ஒரு கஜானாவிலிருந்து எடுத்து மறு கஜானாவில் போடுவதால் ஆறு தெளிந்துவிடாது.

“பணமில்லை” என்பது அடுத்த பல்லவி. இந்தப் பல்லவிக்கு 1980-லேயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகராட்சி, சாக்கடை கட்டக் காசில்லை என்று கைவிரித்தபோது, நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர், காசில்லை என்பது கடமையைத் தட்டிக்கழிக்கக் காரணமாகாது என்று தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் படிக்கிறார்கள்; நகராட்சி அலுவலகங்களில்தான் படிப்பாரைக் காணோம்.

செய்ய வேண்டியது என்ன? ஒவ்வொரு ஊரிலும் ஆற்றில் விழும் ஒவ்வொரு ஓடைக்கும் எண் கொடுத்து, எந்தத் தேதிக்குள் அது மறிக்கப்படும் என்பதை ஊரறியப் பலகையில் எழுதுக. அந்தத் தேதிக்குப் பொறுப்பான அதிகாரியின் பதவியையும் எழுதுக. தேதி தவறினால், மக்கள் பணத்தில் அபராதம் கட்டிவிட்டு நழுவ விடாமல், அந்த அதிகாரியையே விளக்கம் சொல்ல வைத்திடுக. சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வரும் நீரின் அளவையும், வெளியேறும் நீரின் தரத்தையும் மாதந்தோறும் தமிழில் வெளியிடுக. கட்டிய நிலையத்தை ஓட்ட மின்சாரத்துக்கும் ஆட்களுக்கும் பணம் ஒதுக்காமல் நிலையம் மட்டும் கட்டுவது, எண்ணெய் வாங்காமல் விளக்கு வாங்குவது போன்றதே!

இன்னொன்றும் உண்டு. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தொழிற்சாலைகளுக்கு நாளொன்றுக்கு 2 கோடி காலன், அதாவது சுமார் 9 கோடி லிட்டர், எடுக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. கோடையில் வடகாலிலும் தென்காலிலும் வாழையும் நெல்லும் வாடும்போது ஆலைக்கு நீரா என்று உழவர் குமுறினர். வழக்குப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019-இல் என்ன செய்தார்கள்? கழிவுநீரைத் துப்புரவாக்கி, நிலையத்துக்கு நாள்தோறும் 4.5 கோடி லிட்டர் ஆலைகளுக்குத் தருமாறு அமைத்தார்கள். தலைநகரில் ஆனது தாமிரபரணிக் கரையில் ஆகாதோ? நெல்லையின் கழிவுநீர் நாம் மேலே போட்ட கணக்கில் 5 கோடி லிட்டர். தூத்துக்குடி நகரின் கழிவுநீர் வேறு. அதைத் தெளியவைத்து ஆலைக்குக் கொடுங்கள். ஆற்றுநீரை மனிதனுக்கும் மண்ணுக்கும் விடுங்கள்.

1858 கோடையில் இலண்டனில் தேம்ஸ் ஆறு நாறியது. நாடாளுமன்றம் அந்த ஆற்றின் கரையிலேயே இருந்தது. சன்னல் திரைகளைச் சுண்ணாம்பு மருந்தில் நனைத்துத் தொங்கவிட்டும் நாற்றம் அடங்கவில்லை. பல்லாண்டுகளாகப் பேசிக் கிடந்தவர்கள், சில வாரங்களில் சட்டம் நிறைவேற்றி, நகரமெங்கும் பாதாளச் சாக்கடை கட்டப் பணம் ஒதுக்கினார்கள். ஆள்வோரின் மூக்கைத் தொட்டதும் சட்டத்துக்குக் கால் முளைத்தது! கோட்டை சென்னையில் இருக்கிறது; அமலை மணக்கும் ஸ்ரீவைகுண்டம் வெகுதொலைவில் இருக்கிறது. அதுதான் நம் மக்கள் செய்த பாவமா?

ஸ்ரீவைகுண்டத்தாருக்கும் ஒரு சொல். நமக்கு நெல்லை மேலூர். ஏரலுக்கும் ஆத்தூருக்கும் நாமே மேலூர். நம் வாய்க்காலில் விழும் குப்பையும் சாக்கடையும் அவர்கள் குடத்துக்குத்தான் போகின்றன. ஆற்றங்கரையில் மேலூரல்லாத ஊரும் இல்லை, கீழூரல்லாத ஊரும் இல்லை. ஆகவே நெல்லையைக் கேட்கும் கேள்வியை நம் பேரூராட்சியையும் கேட்போம். கேட்டுவிட்டு உரிமையோடு முழங்குவோம்:

குடிநீருக்குக் கட்டணம் வாங்கும் கை, கழிவுநீருக்குக் கணக்குச் சொல்லட்டும். சாயப்பட்டறைக்குப் பூட்டுப் போட்ட சட்டம், சாக்கடை ஓடைக்கும் பூட்டுப் போடட்டும்!