ஜனாஸாவோடு முடிவதில்லை நமது கடமை!

 

ஒரு துயரச் செய்தி வருகிறது. நாடே அழுகிறது. பத்திரிகைகளில் முதல் பக்கம், பள்ளிவாசல்களில் துஆ, கடைவீதியில் வசூல், திடலில் கண்டனக் கூட்டம் என்று பத்து நாட்கள் பரபரப்பாக ஓடுகின்றன. பதினோராம் நாள் வேறொரு செய்தி வந்து விடுகிறது. நாமும் கலைந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போய் விடுகிறோம். ஆனால் தந்தையை இழந்த பிள்ளைக்கும், கணவனை இழந்த பெண்ணுக்கும், மகனை மண்ணில் வைத்து விட்டுத் திரும்பிய தாய்க்கும் அந்தப் பதினோராம் நாளில்தான் துயரத்தின் முழுக் கனமும் தெரிய ஆரம்பிக்கிறது. அன்றைக்கு அவர்கள் வாசலில் நிற்பது யார்? இந்த இதழில் நாம் உங்கள் முன் வைக்கும் கேள்வி இதுதான்.

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. நியூசிலாந்து நாட்டின் கிறைஸ்ட்சர்ச் நகரில் ஜும்ஆவுக்காகக் கூடியிருந்தவர்கள் மீது வெள்ளை இனவெறி பிடித்த ஒருவன் துப்பாக்கியோடு பாய்ந்தான். அந்நூர் பள்ளிவாசலிலும் லின்வுட் இஸ்லாமிய மையத்திலுமாக 51 பேர் கொல்லப்பட்டார்கள். மூன்று வயதுப் பிஞ்சும் அதில் உண்டு, எழுபதைக் கடந்த முதியவரும் உண்டு. போரிலிருந்து தப்பி அடைக்கலம் தேடி வந்த சிரியா நாட்டுத் தந்தையும் மகனும் உண்டு. நம் இந்திய நாட்டைச் சேர்ந்தவர்களும் உண்டு. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். கொன்றவனின் பெயரைத் தம் வாயால் சொல்லப் போவதில்லை என்று அன்றைய பிரதமர் ஜசிந்தா ஆர்டர்ன் அறிவித்தார். நாமும் இங்கே அதை எழுதப் போவதில்லை.

ஆண்டுகள் பல கடந்த பிறகு இதை ஏன் எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். ஆண்டுகள் கடந்ததால்தான் எழுதுகிறோம். செய்தி ஆறிய பிறகு அந்தக் குடும்பங்கள் என்ன ஆயின என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

முதலில் அந்த நாட்டு மக்கள் செய்ததை மனம் திறந்து பாராட்ட வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை, மார்ச் 22 அன்று, அந்நூர் பள்ளிக்கு எதிரே உள்ள ஹேக்லி பூங்காவில் ஜும்ஆ நடந்தது. சுமார் இருபதாயிரம் பேர் திரண்டார்கள். நாடு முழுவதும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பாங்கோசை ஒலித்தது. மாற்று மதப் பெண்கள் தலையில் முக்காடிட்டு வந்து நின்றார்கள். இறைநம்பிக்கையாளர்கள் ஓர் உடலைப் போன்றவர்கள், ஓர் உறுப்பு நொந்தால் உடல் முழுவதும் நோகும் என்ற கருத்துள்ள நபிமொழியை அந்நாட்டுப் பிரதமரே மேடையில் எடுத்துச் சொன்னார். இராணுவ பாணித் துப்பாக்கிகளைத் தடை செய்யும் சட்டம் ஒரு மாதத்துக்குள் 119க்கு 1 என்ற வாக்கில் நிறைவேறியது. நிவாரண நிதியாக ஒரு கோடி நியூசிலாந்து டாலருக்கும் மேல் குவிந்தது. அந்த ஆண்டு ஹஜ்ஜுக்கு உறவினர்கள் 200 பேரை சவூதி மன்னர் விருந்தினராக அழைத்தார்.

சகோதரர்களே! இவ்வளவுக்கும் பிறகு அந்தக் குடும்பங்களின் காயம் ஆறி விட்டதா? உடலில் குண்டு பாய்ந்தவர்களுக்கு அந்நாட்டின் விபத்து இழப்பீட்டுத் திட்டம் உதவியது. உடலில் கீறல் இல்லாமல் மனம் மட்டும் சிதைந்தவர்கள் பலர் அந்தத் திட்டத்துக்குள் வரவில்லை. கண் முன்னே பக்கத்து ஸஃப்பில் நின்றவர் சாய்ந்ததைப் பார்த்தவனுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? வழக்கில் தீர்ப்பு வர 2020 ஆகஸ்ட் ஆனது. பரோலில் வெளிவரவே முடியாத ஆயுள் தண்டனை, அந்நாட்டில் முதன்முறையாக விதிக்கப்பட்டது. அத்தோடும் முடியவில்லை. தங்கள் சொந்தங்கள் எப்படி இறந்தார்கள், யாரையாவது காப்பாற்றியிருக்க முடியுமா என்பதை ஆராயும் மரண விசாரணை 2023 அக்டோபரில்தான் தொடங்கியது. நான்கரை ஆண்டுகளுக்குப் பிறகு அந்த உறவுகள் மீண்டும் நீதிமன்றத்தில் அமர்ந்து அந்த நாளை நிமிடம் நிமிடமாகக் கேட்டார்கள். பத்து நாள் பரபரப்பு எங்கே, இந்த நான்கரை ஆண்டு எங்கே?

இங்கேதான் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிமுறை கண் முன் வருகிறது. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு. மூத்தா போர்க்களத்தில் அவர்களின் பெரிய தந்தை மகன் ஜஅஃபர் (ரலி) ஷஹீதானார்கள். நபியவர்கள் ஜஅஃபரின் வீட்டுக்கு நேரில் சென்றார்கள். பிள்ளைகளை அழைத்து அணைத்துக் கொண்டு கண்ணீர் விட்டார்கள். துக்கத்தில் இருக்கும் வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் அவர்களுக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு தம் குடும்பத்தாரிடம் சொன்னார்கள். மூன்று நாட்கள் அழுவதற்கு அவகாசம் கொடுத்தார்கள். பிறகு மீண்டும் வந்தார்கள். நாவிதரை வரவழைத்து அந்தப் பிள்ளைகளின் தலைமுடியைக் களையச் செய்தார்கள். பிள்ளைகள் அநாதைகளாகி விட்டார்களே என்று தாய் அஸ்மா (ரலி) கலங்கியபோது, இம்மையிலும் மறுமையிலும் இவர்களுக்கு நான் பொறுப்பாளனாக இருக்கும்போது வறுமைக்கு அஞ்சுவதேன் என்று தேற்றினார்கள். அந்தச் சிறுவர்களில் அப்துல்லாஹ்வின் வியாபாரத்தில் பரக்கத் செய்யும்படியும் துஆ செய்தார்கள்.

வணிகப் பெருமக்களே! இதைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். அழுதது, உணவு அனுப்பியது, திரும்பி வந்தது, பொறுப்பேற்றது, அந்தப் பிள்ளை நாளை சொந்தக் காலில் நிற்கும் தொழிலையும் நினைத்தது. நாம் இரண்டாவதோடு நின்று விடுகிறோம். மூன்றாம் நாள் முடிந்து திரும்பி வருகிறோமா? பொறுப்பேற்கிறோமா? அந்தப் பையனுக்கு நம் கடையில் ஓர் இடம் கொடுத்துத் தொழிலைக் கற்றுத் தருகிறோமா?

நம்மில் சிலர் ஈமான் உள்ளவர் அழக்கூடாது என்று எண்ணுகிறார்கள். தன் மகன் இப்ராஹீம் இறந்தபோது நபியவர்களின் கண்கள் கலங்கின. யூஸுஃபைப் பிரிந்த துக்கத்தில் யஃகூப் நபியின் கண்கள் பார்வையிழந்ததாக இறைமறை சொல்கிறது. அழகிய பொறுமை என்று சொன்னவரும் அவரேதான். மார்பில் அடித்து ஓலமிடுவதைத்தான் மார்க்கம் தடுத்தது, கண்ணீரைத் தடுக்கவில்லை. எனவே துக்கத்தில் இருப்பவரிடம் போய் "தக்தீர், அவ்வளவுதான்" என்று ஒரு வார்த்தையில் கதவைச் சாத்தி விடாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். மாதங்கள் கடந்தும் தூக்கமில்லாமல் ஒருவர் தவித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நோய்க்கு மருந்து தேடுவது சுன்னத். மனநோயும் நோய்தான்.

மன்னிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சக்கர நாற்காலியில் இருந்த ஃபரீத் அஹ்மத் என்பவரின் மனைவி ஹுஸ்னா, பெண்களையும் குழந்தைகளையும் வெளியே அழைத்துச் சென்று விட்டு, கணவரைக் காப்பாற்றத் திரும்பி வந்தபோது சுடப்பட்டார். அந்தக் கணவர் கொலையாளியை மன்னித்ததாக அறிவித்தார். உலகமே வியந்தது. ஆனால் 2020இல் நீதிமன்றத்தில் பேசிய குடும்பத்தார் எல்லோரும் மன்னிக்கவில்லை. சிலர் மன்னித்தார்கள். சிலர் முடியாது என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னார்கள். இருவரும் நம் மார்க்கம் வகுத்த எல்லைக்குள்தான் நின்றார்கள். நீதி கேட்பது பாதிக்கப்பட்டவரின் உரிமை. மன்னிப்பது அதைவிடச் சிறப்பு. ஆனால் அந்தச் சிறப்பை அடுத்தவர் கட்டாயப்படுத்திப் பெற முடியாது. இரத்தம் சிந்தியது அவர்கள் வீட்டில். மன்னிப்பைப் பற்றிச் சாய்வு நாற்காலியில் இருந்து உபதேசம் செய்ய நமக்கு உரிமை இல்லை. பழிவாங்கு என்று தூண்டி விடவும் நமக்கு உரிமை இல்லை.

இப்போது கசப்பான பக்கத்துக்கு வருவோம். கிறைஸ்ட்சர்ச் கொடுமை நடந்து 37 நாட்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. அண்டை நாடான இலங்கையில் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் மறைக்கல்வி முடித்து நின்ற குழந்தைகள் பலர் சிதறிப் போனார்கள். நம் தாய்மொழி பேசிய குழந்தைகள். குண்டு வைத்தவர்கள் சுமந்திருந்தது முஸ்லிம் பெயர்களை.

அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அந்தக் கொலைகாரர்களின் உடல்களை ஏற்க மாட்டோம் என்று அறிவித்தது. சரியான முடிவு. ஆனால் இளைஞனே, உன்னிடம் ஒன்று கேட்கிறோம். மார்ச்சில் முக்காடிட்டு நின்ற அந்தக் கிறித்தவப் பெண்ணைப் பார்த்துக் கண் கலங்கினாயே, ஏப்ரலில் சீயோன் தேவாலயத்தின் தாயை நினைத்து அதே போல் கலங்கினாயா? அல்லது "அவர்கள் முஸ்லிம்களே அல்ல" என்று ஒரு வாக்கியம் சொல்லி விட்டு நகர்ந்து விட்டாயா? அந்த வாக்கியம் உண்மைதான். ஆனால் அது நம்மைக் காப்பாற்றிக் கொள்ளச் சொல்லும் வாக்கியம். பிள்ளையை இழந்தவளுக்கு அதில் எந்த ஆறுதலும் இல்லை. யூதர் ஒருவரின் பிரேதம் கடந்து சென்றபோது நபியவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் யூதராயிற்றே என்றவர்களிடம், அதுவும் ஓர் உயிரல்லவா என்று கேட்டார்கள். நமக்கு அளவுகோல் அதுதான்.

அடுத்த மாதமே, மே 13 அன்று, வடமேல் மாகாணத்தில் அப்பாவி முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிகளும் தாக்கப்பட்டன. தச்சுத் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டார். அமைதி காக்கும்படி பேராயர் மல்கம் ரஞ்சித் தம் மக்களிடம் வேண்டினார். அவரது மந்தையில்தான் அத்தனை ஜனாஸாக்கள் விழுந்திருந்தன என்பதை மறக்க வேண்டாம். கடை எரிந்த வணிகனும் ஆறுதல் தேவைப்படும் குடும்பஸ்தனே. ஒருவரின் கண்ணீரைச் சொல்லி இன்னொருவரின் கண்ணீரை மறைப்பது நம் வேலையல்ல.

சரி, நாம் என்ன செய்வது? உணர்ச்சியோடு முடிக்க விரும்பவில்லை. ஒவ்வொரு மஹல்லாவிலும் செய்யக் கூடியதைச் சொல்கிறோம்.

விபத்து, வெள்ளம், கலவரம், கடல் என எதில் உயிர் போனாலும், அந்தக் குடும்பத்துக்கு ஜமாஅத் சார்பில் ஒருவரைப் பொறுப்பாளராக நியமியுங்கள். குறைந்தது ஓராண்டு அவர் தொடர்ந்து போய் வரட்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், நிவாரணத் தொகைக்கான மனு ஆகியவற்றுக்கு அலுவலகம் அலைவது படித்த இளைஞர்களின் வேலையாகட்டும். மையித்துக்குக் கடன் உண்டா என்று நபியவர்கள் கேட்டார்கள். சொத்தைப் பங்கு வைக்கும் முன் கடன் தீர வேண்டும். கடன் கொடுத்த வியாபாரி தள்ளுபடி செய்ய முடிந்தால் செய்யட்டும், முடியாவிட்டால் தவணை கொடுக்கட்டும். வர வேண்டிய பாக்கி இருந்தால், கேட்கும் முன்பே கொண்டு போய்க் கொடுங்கள். அநாதையின் பொருளை அநியாயமாக உண்பவர் வயிற்றில் நெருப்பை நிரப்புகிறார் என்பது இறைவனின் எச்சரிக்கை. இத்தா இருக்கும் நான்கு மாதம் பத்து நாட்களில் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு அரிசியும் மருந்தும் குறையாமல் பார்த்துக் கொள்வது தெருவாரின் கடமை. பக்கத்துத் தெரு ஹிந்து, கிறித்தவச் சகோதரர் வீட்டில் இழவு விழுந்தால் இதே கணக்கு அங்கும் உண்டு. அழைப்பை எதிர்பார்க்காதீர்கள்.

இதற்குப் பெரிய மேடை தேவையில்லை. விளம்பரம் தேவையில்லை. அடுத்த ஜும்ஆ முடிந்ததும் பள்ளி நிர்வாகிகளோடு பத்து நிமிடம் உட்காருங்கள். உங்கள் மஹல்லாவில் கடந்த ஓராண்டில் திடீர் மரணம் நடந்த வீடுகள் எத்தனை என்று எழுதுங்கள். அந்த வீடுகளுக்குக் கடைசியாக நாம் எப்போது போனோம் என்று பக்கத்தில் எழுதுங்கள். அந்தத் தாளே நமக்கு வேலையைச் சொல்லி விடும்.

துயரத்தில் இருக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் அல்லாஹ் அழகிய பொறுமையைத் தருவானாக. அவர்களை விட்டு அகலாத உள்ளத்தை நமக்குத் தருவானாக. ஆமீன்.