ஐகான் காணோம் என்றால் ஃபார்மட்டா?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன், ஆனால் யோசிக்காமல் எழுதவில்லை.

நம் குலதெய்வக் கோயில் திருப்பணிக் கணக்கு என் தம்பியின் லேப்டாப்பில் இருந்தது உறவினர்களுக்குத் தெரியும். மூன்று வருடக் கணக்கு. யார் எவ்வளவு கொடுத்தார்கள், கொத்தனார் கூலி, மணல், செங்கல், ஐயர் தட்சணை வரை எழுதி வைத்திருந்தான். இப்போது அது இல்லை. பாதிதான் நோட்டில் இருக்கிறது. இதற்காகக் குடும்பக் குழுவில் இரண்டு பேரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். ஒன்று, உபுண்டு. "இலவசமாக் கெடைக்கிறத வச்சுக்கிட்டா இப்படித்தான் அத்தை" என்று தம்பி மகனே எழுதியிருந்தான். இரண்டாவது, தமிழ். தமிழுக்கு மாற்றியதால்தான் கரப்ட் ஆகிவிட்டது என்று கடைக்காரர் சொன்னாராம். அதை நம்பிப் பதினைந்து பேர் கட்டைவிரல் தூக்கியிருக்கிறீர்கள்.

இரண்டுமே பொய். கணக்கை அழித்தது ஃபார்மட்.

தம்பி சொன்னதை வைத்தும், என் கம்ப்யூட்டரில் நானே செய்து பார்த்ததை வைத்தும் சொல்கிறேன். உபுண்டுவில் மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டு மறுபடி உள்ளே நுழைந்தால் ஒரு பெட்டி வரும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் போன்ற ஃபோல்டர்களின் பெயரையும் புது மொழிக்கு மாற்றட்டுமா என்று கேட்கும். சரி என்று அழுத்தினால் தமிழ்ப் பெயரில் புதிய ஃபோல்டர்கள் உருவாகும். பழைய ஃபோல்டரில் ஏதாவது இருந்தால் அது அப்படியே பழைய இடத்திலேயே இருக்கும், புதியதற்கு நகராது. நாம் டெஸ்க்டாப் என்று கண்ணால் பார்க்கும் திரை இருக்கிறதே, அதுவும் ஒரு ஃபோல்டர்தான். இப்போது திரை புது ஃபோல்டரைக் காட்டுகிறது. அது காலி. அதனால் ஐகான் ஒன்றுகூட இல்லை. ஆனால் கோப்புகள் எல்லாம் வீட்டு ஃபோல்டருக்குள்ளே, 'டெஸ்க்டாப்' என்று ஆங்கிலப் பெயரோடு இருக்கும் பழைய ஃபோல்டரில் பத்திரமாக இருக்கின்றன. கோப்பு மேலாளரைத் திறந்து இரண்டு கிளிக் செய்தால் போதும். அல்லது மொழியைப் பழையபடி மாற்றி, அதே பெட்டி வரும்போது சரி என்று சொன்னால் போதும்.

நான் புதிதாக ஒரு பயனர் கணக்கு தொடங்கி, டெஸ்க்டாப்பில் இரண்டு கோப்புகளை வைத்து, தமிழுக்கு மாற்றிப் பார்த்தேன். தம்பி சொன்னது போலவே திரை துடைத்து வைத்த கரும்பலகையாக நின்றது. பழைய ஃபோல்டரில் இரண்டு கோப்புகளும் இருந்தன.

பழைய உள்ளடக்கம் நகர்த்தப்படாது என்பதை அந்தப் பெட்டி ஒரு வரியில் சொல்லத்தான் செய்கிறது. அந்த வரியைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டும். அந்த அளவுக்கு உபுண்டு மேல் எனக்கும் குறை உண்டு. ஆனால் அது ஒரு எழுத்தையும் அழிக்கவில்லை. அழித்தவர், 800 ரூபாய் வாங்கிக்கொண்டு அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் துடைத்து விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தவர். "உள்ளே ஏதாவது முக்கியமானது இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வருகைப் பதிவேட்டில் ஒரு பிள்ளையின் பெயர் விட்டுப்போனால் பதிவேட்டைத்தானே திருத்துவோம்? பிள்ளைக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டு, "பேர் இல்ல டீச்சர், அதான்" என்றால் தலைமையாசிரியர் விடுவாரா?

ஐகான் என்பது பெயர்ப்பலகை. பலகை விழுந்தால் கடை இடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இது புரிந்தால் மற்றதெல்லாம் எளிது. லினக்ஸில் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு சின்னக் குறிப்புக் கோப்பு உண்டு. அதில் இந்த நிரலுக்கு இன்ன பெயருள்ள படம் என்று ஒரு வரி இருக்கும். கம்ப்யூட்டர் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு நீங்கள் தேர்ந்தெடுத்த ஐகான் தீமில் தேடும். அங்கே இல்லாவிட்டால் அந்தத் தீம் யாரைச் சார்ந்ததோ அதில் தேடும். அதிலும் இல்லாவிட்டால் கடைசியாக 'ஹைகலர்' என்ற பொதுத் தொகுப்பில் தேடும். எங்கும் கிடைக்காவிட்டால்தான் வெறும் பற்சக்கரமோ வெற்றுக் காகிதமோ வரைந்து காட்டும். பெரும்பாலும் இணையத்திலிருந்து அழகான தீம் என்று அரைகுறையாக ஒன்றை இறக்கிப் போட்டதால் வரும் வினை இது. ட்வீக்ஸ் என்ற நிரலைத் திறந்து ஐகான் தீமை யாருவுக்கோ அத்வைதாவுக்கோ மாற்றினால் பெரும்பாலும் படங்கள் திரும்பி வந்துவிடும். (அத்வைதா என்பது சங்கரரின் அத்வைதமேதான். பெயர் வைத்தவர்களுக்கு நல்ல ரசனை.)

எது கெட்டிருக்கிறது என்று தெரியவில்லையா? நான் செய்தது போலப் புதிய பயனர் கணக்கு ஒன்று தொடங்கி உள்ளே போய்ப் பாருங்கள். அங்கே ஐகான் சரியாகத் தெரிந்தால் கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது, உங்கள் கணக்கின் அமைப்பில்தான் கோளாறு. அங்கேயும் தெரியாவிட்டால் பொதுவான தொகுப்பில் ஏதோ கெட்டிருக்கிறது, அதை மட்டும் மறுபடி நிறுவலாம். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஃபார்மட் செய்கிறவரை மெக்கானிக் என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு வகை உண்டு. அது கோளாறே இல்லை, வேண்டுமென்றே எடுத்தது. உபுண்டுவின் முகம் க்னோம் என்ற டெஸ்க்டாப். 2017 செப்டம்பரில் வந்த 3.26 பதிப்பில், பின்னணியில் ஓடும் நிரல்கள் சின்னப் படமாக நின்ற மூலையை எடுத்தார்கள். 2018 மார்ச்சில் வந்த 3.28-ல் டெஸ்க்டாப் ஐகான்களையே எடுத்துவிட்டார்கள். அந்த நிரல்வரிகள் பழையவை, மற்ற வேலைகளுக்கு இடைஞ்சல் என்பது அவர்கள் பக்கக் காரணம். இருக்கலாம். ஆனால் "பெயரைத் தட்டச்சு செய்து தேடிக்கொள்ளுங்கள், வேகம்" என்று சொல்பவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. ஒன்றாம் வகுப்பில் 'அ' எழுதிக்காட்டுவதற்கு முன்னால் அணில் படத்தைக் காட்டியவள் நான். என் தம்பியைப் போல வயதான பிறகு மவுஸைப் பிடித்தவர்களுக்கு நிரலின் பெயர் நினைவில் நிற்காது. படமும் அது இருந்த மூலையும்தான் நிற்கும். அதை எடுத்துவிட்டுத் தேடு என்றால் எதை என்று தேடுவது?

எடுத்ததைத் திரும்ப வைக்க வழியும் அங்கேயே இருக்கிறது, அதனால்தான் நான் இதை விடவில்லை. 2018 ஏப்ரலில் வந்த உபுண்டு 18.04, டெஸ்க்டாப் ஐகானுக்காகவே கோப்பு மேலாளரை மட்டும் பழைய 3.26 பதிப்பில் வைத்துக்கொண்டது. பிறகு எக்ஸ்டென்ஷன் மூலம் அதே வசதியைக் கொடுத்தது. டெபியன், ஃபெடோரா வைத்திருப்பவர்கள் அதை நாமே சேர்த்துக்கொள்ளலாம். பெரிய பதிப்பு மாறும்போது எக்ஸ்டென்ஷன் வேலை செய்யாமல் போவது உண்டு. 2023 செப்டம்பரில் க்னோம் 45 வந்தபோது எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் திருத்தி எழுத வேண்டியிருந்தது. அப்போதும் ஐகான் காணாமல் போகும். எக்ஸ்டென்ஷனுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைக்கு ஓடாதீர்கள்.

என் மாணவர்களில் பலர் அரசு கொடுத்த மடிக்கணினி வாங்கியவர்கள். அதில் விண்டோஸோடு, சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸும் இருந்தது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தீர்கள்? வாங்கியவுடன் கடையில் கொடுத்து அதைத் துடைக்கச் சொன்னவர்களை எனக்குத் தெரியும். பார்க்காமலே துடைக்கும் பழக்கம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

இனி செய்ய வேண்டியது. திருப்பணிக்குப் பணம் கொடுத்தவர்கள், ரசீது இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ரசீது இல்லாதவர்கள் தேதியும் தொகையும் எழுதி அனுப்பினால் போதும், நோட்டோடு ஒப்பிட்டுக்கொள்கிறேன். தம்பியைக் கேள்வி கேட்பதை நிறுத்துங்கள், அவன் இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் லேப்டாப்பில் மறுபடி உபுண்டு போடப் போகிறேன், தமிழிலேயே. கணக்கின் நகல் ஒன்று பென் டிரைவில் என் பீரோவில் இருக்கும்.