கால் கிலோ காபிப்பொடியும் காணாமல் போன கணக்கும்

2025 மார்ச்சில் எங்கள் வீட்டுக் காபிக்கு ஏதோ ஆகிவிட்டது. நிறம் மட்டும் நல்ல கறுப்பு. வாசனை இல்லை. அம்மா முதலில் பாலைச் சந்தேகப்பட்டார், அப்புறம் பால்காரரை, அப்புறம் ஃபில்டரை. பித்தளை ஃபில்டரின் ஓட்டைகளைக் குண்டூசியால் ஒவ்வொன்றாகக் குத்திச் சுத்தம் செய்தது அடியேன்தான். கடைசியில் சந்தேகம் பொடிமேல் வந்து நின்றது.

மேற்கு மாம்பலத்தில் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே நாங்கள் பொடி வாங்கும் கடை அது. பெயர் வேண்டாம். கொட்டையை அங்கேயே வறுத்து, நம் கண்ணெதிரே அரைத்து, சூடு ஆறாமல் கவரில் போட்டுத் தருவார்கள். அந்தத் தெருவில் திரும்பும்போதே மூக்கு வழி சொல்லிவிடும். போய்க் கேட்டேன். கடைக்காரர் ஒளிக்கவே இல்லை.

"தம்பி, கொட்டை விலை எங்கயோ போயிடுச்சு. நான் விலைய ஏத்தினா உங்க அம்மாவே சண்டைக்கு வருவாங்க. அதான் சிக்கரிய கொஞ்சம் கூட்டிட்டேன்."

"எவ்வளவு அண்ணே?"

"எண்பதுக்கு இருபதா இருந்துச்சு. இப்போ அறுபதுக்கு நாப்பது. இதுவரைக்கும் யாரும் கேக்கல, நீங்கதான் மொத ஆளு."

பி.காம் படிக்கிற எனக்குப் பெருமைப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை :-)

அவர் சொன்ன விலையேற்றம் பொய்யில்லை. 2024-ல் பிரேசிலில் கடும் வறட்சி. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக மட்டும். காபி கிலோ 1,000 ரூபாய், சிக்கரி கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80:20 கலவையின் அடக்கவிலை 840 ரூபாய். இப்போது காபி 1,300 ஆகிவிட்டது. அதே 80:20 போட்டால் அடக்கம் 1,080. 60:40 போட்டால் 860. ஆக, பழைய விலைக்குப் பக்கத்திலேயே நிற்கலாம்.

அதாவது கடைக்காரர் கொள்ளையடிக்கவில்லை. ஆனால் ஒரு கிலோ பொடியில் 800 கிராம் இருந்த காபி 600 கிராம் ஆகிவிட்டது. கால்வாசி காபி போச்சு. விலையை ஏற்றுவதா, சரக்கைக் குறைப்பதா என்ற முடிவை எடுக்க வேண்டியவர் காசு கொடுக்கிற எங்கள் அம்மா. அதைக் கடைக்காரர் எடுத்துவிட்டார், சொல்லாமலே. என் கோபம் அதன்மேல்தான்.

இத்தனைக்கும் சட்டம் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. காபி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று பாக்கெட்டின் மேல் எழுதவும் வேண்டும். பெரிய கம்பெனிப் பாக்கெட்டுகளைத் திருப்பிப் பாருங்கள், எழுதியிருக்கும். நான் இத்தனை வருடம் வாங்கிய கவர்களில் கடைப் பெயரும் போன் நம்பரும்தான் உண்டு.

கோபத்தில் என்ன செய்தேன்? நகரத்தில் இப்போது முளைத்திருக்கும் 'ஸ்பெஷாலிட்டி' காபிக் கடை ஒன்றுக்குள் நுழைந்தேன். 2013-ல் தில்லியில் ப்ளூ டோகாய், 2016-ல் பெங்களூரில் தேர்ட் வேவ் என்று ஆரம்பித்த அலை, சென்னையிலும் தெருவுக்குத் தெரு அடிக்கிறது. ஸ்பெஷாலிட்டி என்பது சும்மா வைத்த பெயர் இல்லை. பயிற்சி பெற்றவர்கள் சுவைத்துப் பார்த்து 100-க்கு 80 மதிப்பெண்ணுக்குக் குறையாமல் போட்டால்தான் அந்தப் பெயர். நம் பல்கலைக்கழகத்தை விடக் கறார்.

250 கிராம் 600 ரூபாய். கிலோவுக்கு 2,400. மனதைக் கல்லாக்கிக்கொண்டு வாங்கினேன். பாக்கெட்டில் எழுதியிருந்ததைப் படிக்கவே ஒரு பஸ் பயணம் பிடித்தது. எந்த எஸ்டேட், எந்த மலை, எத்தனை மீட்டர் உயரம், என்ன ரகம், பழத்தை எப்படிப் பதப்படுத்தினார்கள், எந்தத் தேதியில் வறுத்தார்கள்... அசந்துவிட்டேன். முக்கியமாக அந்த வறுத்த தேதி. மற்ற பாக்கெட்டுகளில் பேக் செய்த தேதிதான் இருக்கும். வறுத்த கொட்டை சில வாரங்களில் மணம் இழக்கும், அரைத்துவிட்டால் இன்னும் சீக்கிரம். எப்போது வறுத்தது என்று தெரியாமல் எப்போது பையில் போட்டது என்று மட்டும் தெரிந்து என்ன பண்ண?

வீட்டுக்கு வந்து ஃபில்டரில் போட்டு, டிகாக்‌ஷன் இறக்கி, பால் ஊற்றி அம்மாவிடம் கொடுத்தேன். ஒரு வாய். "என்னடா புளிக்குது? பால் திரிஞ்சுபோச்சா?"

பால் திரியவில்லை. லேசாக வறுத்த கொட்டையில் புளிப்பு தூக்கலாகத்தான் இருக்கும். வாங்கும்போதே ஃபில்டருக்கு என்று சொல்லித்தான் அரைத்து வாங்கினேன். மறுநாள் போய்க் கேட்டால் கல்லாவில் இருந்த பையன் (என் வயசுதான்) சிரித்தான். "பால் ஊத்தினீங்களா சார்? சிக்கரி குடிச்சுப் பழகின நாக்குக்கு இது புரிய டைம் ஆகும்."

அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தக் கட்டுரை.

தம்பி, சிக்கரி ஒன்றும் முட்டாள்களின் பானம் இல்லை. அது ஒரு வேர். வறுத்து அரைத்தால் டிகாக்‌ஷனுக்குக் கெட்டித்தன்மையும் நிறமும் கொடுக்கும். நிறையப் பால் ஊற்றிக் குடிக்கிற ஊரில் காபி பாலில் கரைந்து காணாமல் போகாமல் தாங்கிப் பிடிப்பது அதுதான். தெரிந்து, கேட்டு, 20 சதவீதம் போட்டுக் குடிக்கிறவருக்கு ரசனை இல்லை என்று சொல்ல நீ யார்? கேட்காமல் 40 போடுவதுதான் தப்பு. சிக்கரி அதற்கு என்ன பண்ணும்?

இன்னொன்று. எஸ்டேட் பெயர் போட்ட பாக்கெட்டை என்னவோ இவர்களுடைய ஞானத்தில் பிறந்தது போலப் பேசுகிறார்கள். 1942-ன் காபிச் சட்டம் வந்தபின் பல பத்தாண்டுகள் தோட்டக்காரர்கள் விளைந்ததை எல்லாம் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பில்தான் கொட்ட வேண்டும். ஏற்காட்டில் விளைந்ததும் கூர்க்கில் விளைந்ததும் தரவாரியாக ஒன்றாகக் கலந்து ஏலத்துக்குப் போகும். கடைக்காரருக்குக் கிடைத்த முகவரி 'பிளான்டேஷன் ஏ', 'பீபெரி', 'ராபஸ்டா செர்ரி' என்ற தரப்பெயர்கள் மட்டும். 1990-களில் படிப்படியாகத் தளர்த்தி, 1996-ல்தான் முழுவதையும் தோட்டக்காரரே விற்கலாம் என்று ஆனது. அதற்கு முன் மாம்பலம் கடைக்காரரிடம் "எந்த எஸ்டேட்?" என்று கேட்டிருந்தால் அவரால் பதில் சொல்லியிருக்கவே முடியாது. அது அவருடைய அறியாமை இல்லை, அன்றைய சட்டம்.

ஆனால் அண்ணே, 1996 போய் ஏறக்குறைய முப்பது வருஷம் ஆச்சு. அந்தச் சாக்கு காலாவதி. புதுக்கடைக்காரர் வறுத்த தேதியை அச்சடித்து 2,400 ரூபாய் வாங்குகிறார். நீங்கள் காலையில் வறுத்து மத்தியானம் அரைத்துத் தருகிறீர்கள். புத்தம்புதுசு என்ற ஒரு விஷயத்தில் அவரை விட நீங்கள் ஒரு படி மேல். அதை எழுதி வைக்காததால் உங்கள் பெருமை உங்கள் தெரு முனையோடு முடிந்துவிடுகிறது.

"எழுதுனா செலவு ஆகும், தம்பி." ஒரு ரப்பர் ஸ்டாம்பு, ஒரு மைப்பெட்டி. வேறென்ன? கொட்டை என்ன, சிக்கரி எத்தனை, வறுத்தது என்றைக்கு. மூன்றே வரி. "கேக்கறவங்க யாரும் இல்லையே." இதற்கு மட்டும் எனக்குப் பதில் இல்லை. ஏனென்றால் கேட்காதது நாம்தான். விலையில் ஐந்து ரூபாய் ஏறினால் கத்துகிறோம், உள்ளே 200 கிராம் காபி குறைந்தால் ஃபில்டரைக் குத்துகிறோம்.

புதுக்கடைக்காரர்களே, உங்களுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. பாக்கெட்டில் மலையின் உயரம் இருக்கிறது, ஆரஞ்சுத் தோல், வெல்லம் என்று சுவைப் பட்டியல் இருக்கிறது. அந்த மலையில் பறித்தவருக்கும் விளைவித்தவருக்கும் என்ன கொடுத்தீர்கள் என்பது ஏன் இல்லை? 2,400 ரூபாயில் தோட்டத்துக்குப் போனது எவ்வளவு? வெளிநாட்டில் சில வறுப்பாளர்கள் கொள்முதல் விலையை வருடாவருடம் வெளியிடுகிறார்கள். விவசாயியின் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு விலையை மறைப்பதும், சிக்கரியை மறைப்பதும் ஒரே கணக்கு நோட்டின் இரண்டு பக்கங்கள்தான். வாங்குபவன் எதைக் கேட்கமாட்டானோ அதை எழுதுவதில்லை.

நான் படிக்கிற காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது, பொருள் மாறினால் பொருளின் பெயரும் மாறவேண்டும் என்று. 80:20 ஒரு பொருள், 60:40 இன்னொரு பொருள். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே விலை வைத்தால் அது கணக்கு இல்லை.

அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். மறுபடி மாம்பலம் கடைக்குத்தான் போனேன். "அண்ணே, 80:20 போடுங்க, என்ன விலையோ வாங்கிக்கங்க. ஆனா கவர் மேல எழுதிக் குடுங்க" என்றேன். முனகிக்கொண்டே பால்பாயிண்ட் பேனாவால் '80:20' என்று எழுதி, கூடவே தேதியும் போட்டார். பக்கத்தில் நின்ற மாமி எட்டிப் பார்த்தார். "அது என்னப்பா எண்பது? அப்போ எனக்கு என்ன போட்டே?"

கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்...

இப்போது அந்தக் கடையில் ஒரு சிலேட்டு தொங்குகிறது. இரண்டு கலவை, இரண்டு விலை. எங்கள் வீட்டுக்கு மாதம் முன்னைவிடக் கூடுதலாகச் செலவாகிறது. அம்மா முணுமுணுத்தார். அப்புறம் ஒரு வேளைக் காபியைக் குறைத்துக்கொண்டார். அது அவரே போட்ட கணக்கு, அவரே எடுத்த முடிவு.

அடுத்த முறை பொடி வாங்கும்போது நீங்களும் கேளுங்கள். எந்தக் கடையாக இருந்தாலும்.